பந்து இல்லாத கடிதங்கள்

ரொம்மன், ஒஸ்லோ
28.01.2007

என் பிள்ளை துஷாந்த் அறிய,

அம்மா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை, குளிருக்கு முழங்கை உளைவுதான் கொஞ்சம் கூட. உனக்குக் காய்ச்சல், தடிமன் ஒன்றும் அண்டாமலிருக்க அம்மரூட் கோயில் முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் முதல் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம். நாலு பக்கத்திலும் அந்த ஹார்ல்பிக் கழகம் எந்த வருடம் தொடங்கியது, யார் யார் தொடங்கியது, எந்த ஆலையின் முற்றத்தில் முதல் ஆட்டம் நடந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டால் 1889 என்று எழுதுகிறாய். நான் கேட்டது என் பிள்ளை படுகிற பாட்டை, இங்கிலாந்துச் சரித்திரத்தை அல்ல.

மறந்திருப்பாய், திரும்பவும் சொல்கிறேன். துரொண்ட்ஹைமில் மூன்றாம் வருடத்துப் பொறியியல் படிப்பை அந்தரத்தில் விட்டுவிட்டு, ரக்பி லீக் ஆடப் போகிறேன் என்று நீ வந்து நின்ற அன்று, நான் கற்பூரத்தைக் கொளுத்தி உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினேன், இனி உன்னோடு வாய் திறந்து கதைப்பதில்லை என்று. கோபத்தில் பண்ணியதுதான். ஆனாலும் சத்தியம் சத்தியம். டெலிபோனும் வாய்தான். எழுதுவது கை, அதற்குத் தடையில்லை என்று நானே தீர்த்துக்கொண்டேன். ஆகவே மாதம் ஒரு கடிதம், தமிழில், உன் கையால். அப்பா உயிரோடு இருந்திருந்தால் நடுவில் நின்று இந்தப் பக்கக் கதையை அந்தப் பக்கம் சொல்லியிருப்பார். அவரும் இல்லை.

இப்போது என் கேள்விகளுக்கு வா. நீ அனுப்பிய படத்தில் போட்டிருக்கிற மேற்சட்டையில் மடிப்புக் கோடு நாலும் அப்படியே இருக்கிறது. ஆடுகிறவன் சட்டை இப்படியா இருக்கும்? உனக்கு எத்தனையாம் நம்பர்? எழுத்து ஏன் மேட்டில் ஏறுகிறது? படுத்துக்கிடந்து எழுதினாயா? அரிசி கிடைக்கிறதா?

ஆட்டத்தைப் பற்றியும் விசாரித்தேன். பந்தைப் பின்னுக்கு எறிந்துகொண்டு முன்னுக்கு ஓடுவதாம். எனக்கு இதில் ஒன்றையும் நம்ப ஏலாமல் இருக்கிறது.

அன்புடன் அம்மா,
வசந்தமலர்


ஹார்ல்பி, இங்கிலாந்து
12.02.2007

அன்பின் அம்மாவுக்குத் துஷாந்த் எழுதுவது,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கைக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? அரிசி கிடைக்கிறது. மேசை சரியில்லை, அதனால்தான் எழுத்து அப்படி. நம்பர் இன்னும் தீர்மானமாகவில்லை. பயிற்சி தினமும் ஒன்பது மணிக்கு நடக்கிறது.

கழகத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள், ஆனால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹார்ல்பியில் முன்பு நூல்களுக்குச் சாயம் போடும் ஆலைகள் இருந்தன. அன்றைக்கு ஆலையில் எந்தச் சாயமோ ஆறும் அந்த நிறத்தில்தான் ஓடுமாம். தொடங்கியபோது கழகத்திடம் ஒழுங்கான சட்டை இல்லை. வெள்ளைச் சட்டைகளை மிச்சச் சாயத்தில் முக்கியெடுத்தார்கள். சிவப்புச் சாயம் ஒவ்வொரு சட்டையிலும் பாதிக்குத்தான் போதுமாயிருந்தது, மற்றப் பாதிக்கு நீலம். இன்றைக்கும் எங்கள் சட்டை அப்படித்தான். கழகத்துக்கு "டையர்ஸ்", அதாவது சாயக்காரர், என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் ரக்பிச் சங்கத்தை விட்டுப் பிரிந்தன. சனிக்கிழமை ஆலைக்குப் போகாமல் ஆடுகிற தொழிலாளிக்கு அந்த நாள் கூலியைக் கழகம் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. கொடுக்கலாம் என்றவர்கள்தான் பிரிந்து வந்து ரக்பி லீக் ஆனார்கள். ஹார்ல்பி அடுத்த வருடம் சேர்ந்தது. பிறகு பதினைந்து பேரைப் பதின்மூன்றாகக் குறைத்தார்கள். இதெல்லாம் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துஷாந்த்


ரொம்மன், ஒஸ்லோ
25.02.2007

துஷாந்த்துக்கு,

நான் சுகம். முழங்கைக்கு எண்ணெய் பூசுகிறேன். நீ சுகமென்று எழுதியிருக்கிறாய், பார்ப்போம்.

பெப்ரவரி எட்டாம் திகதி இங்கிலாந்து முழுக்கப் பனி கொட்டியதென்று செய்தியில் காட்டினார்கள். பள்ளிக்கூடங்கள் பூட்டு, பஸ் ஓடவில்லை. இங்கே முழங்கால் மட்டுக்குப் பனி கிடக்கிற எங்களுக்கு அது சிரிப்பு, அவர்களுக்கு அது பிரளயம். உன் கடிதத்தில் திகதி பன்னிரண்டு. பனியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நோர்வேயில் பிறந்து வளர்ந்த பெடியன் இங்கிலாந்துக்காரன் நாலு அங்குலப் பனிக்குப் பதறுவதைப் பார்த்தால் பகிடி பண்ணி அரைப் பக்கம் எழுதமாட்டானா? 1895ஐப் பற்றி எந்த நாளிலும் எழுதலாம். முன்கூட்டியும் எழுதி வைக்கலாம்.

என்னோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிற சிறிதேவிக்கு வாசித்துக் காட்டினேன். "வடிவாய்த்தான் எழுதியிருக்கிறான், மலர். ஆனா புத்தகத்தைப் பாத்து எழுதின மாதிரிக் கிடக்கு" என்றாள். அவள் வீட்டுக் கொம்பியூட்டரில் உங்கள் கழகத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். இருபத்தாறு ஆட்டக்காரரின் பெயர் இருந்தது. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், இரண்டு முறை வாசித்தேன். உன் பெயர் இல்லை.

இப்படியான கடிதங்கள் எனக்குப் புதிதில்லை, தம்பி. அதைப் பற்றி இப்போது எழுத விருப்பமில்லை.

தபால் முத்திரையும் ஹார்ல்பி இல்லை, லீட்ஸ். ஏன்?

அம்மா


ஹார்ல்பி
11.03.2007

அன்பின் அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் இரண்டு ஷிப்ட் செய்ய வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

பனி பெய்தது. நாலு அங்குலம்தான். அன்றைக்கு நான் வெளியே போகவில்லை, அதனால் எழுதவில்லை. ஹார்ல்பிக் கடிதங்களெல்லாம் லீட்ஸுக்குப் போய்த்தான் முத்திரை வாங்கும். பெயர் பற்றி: இரண்டாம் அணியில் இருப்பவர்களைப் பட்டியலில் போடுவதில்லை.

போன ஞாயிறு இந்த வருடத்தின் முதல் உள்ளூர் ஆட்டம். மூவாயிரம் சனம். அம்மா, நீங்கள் அந்தச் சனத்தைப் பார்க்க வேண்டும். கிழக்குப் பக்கத்து மூன்றாம் வரிசையில் ஒரு மனிதர் பக்கத்து இருக்கையில் செத்துப்போன மனைவியின் கழுத்துச் சால்வையை விரித்து வைத்திருக்கிறார், ஒருவரையும் அதில் இருக்க விடமாட்டார். இரட்டைப் பெண்பிள்ளைகள் இரண்டு, முகத்தில் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். கோப்பையோடு இறைச்சிச் சாறு குடிக்கும் ஒரு கிழவி, யார் வந்தாலும் ஒரு மிடறு நீட்டுவாள்.

மேற்குப் பக்கத்தில்தான் கரைச்சல். பதினொரு வருடத்துக்கு முன் கழகம் பெயரை மாற்றியது. ஆலைகள் பூட்டி ஆறு தெளிந்த பிறகு நாரைகள் திரும்பி வந்தனவாம், அதனால் இனி "ஹெரன்ஸ்", நாரைகள். பழைய ஆட்கள் இன்னும் அதை ஏற்கவில்லை. அந்தப் பக்கமிருந்து "டையர்ஸ்! டையர்ஸ்!" என்று கத்துவார்கள், சின்னப் பிள்ளைகள் இந்தப் பக்கமிருந்து "ஹெரன்ஸ்!" என்பார்கள். நாரை வேஷம் போட்ட ஒருவர் ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் மைதானத்தைச் சுற்றி வருவார். மேற்குப் பக்கத்தால் போகும்போது மூன்று கிழவர்கள் எழும்பி முதுகைக் காட்டி நிற்பார்கள்.

ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

துஷாந்த்


ரொம்மன், ஒஸ்லோ
25.03.2007

துஷாந்த்துக்கு,

எனக்கு நித்திரை குறைவு, மற்றப்படி சுகம்.

உன் கடிதத்தை ஐந்து தரம் வாசித்தேன். சால்வை இருக்கிறது, இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இறைச்சிச் சாறு இருக்கிறது. பந்தைக் காணவில்லை. ஒரு இடத்திலும் காணவில்லை. யார் எறிந்தது, யார் விழுந்தது, உனக்கு எங்கே நொந்தது, ஒன்றும் இல்லை. ஆடுகிறவன் பந்தைப் பார்ப்பான். இரண்டாம் அணியில் குந்தியிருக்கிறவனும் பந்தைத்தான் பார்ப்பான். நீ சனத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். அல்லது வேறு யாரோ பார்த்ததை எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டாவதுதான் பயம்.

உனக்கு இதுவரை சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எனக்குச் சந்திரகுமார் என்று ஒரு தம்பி இருந்தான். ஷெல்லில் செத்தவன் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். 1985இல் கொழும்பில் வேலை கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் போனான், பத்தொன்பது வயது. மாதாமாதம் கடிதம் வந்தது, கொழும்பு முத்திரையோடு. தங்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்திலுள்ள கிரிக்கெட் கழகத்தின் கதை, மைதானத்தின் கதை, வெள்ளைக்காரன் காலத்துக் கதை. நாங்களும் சந்தோஷமாக வாசித்தோம். ஏழு கடிதம். ஏழையும் ஒரே இருப்பில் எழுதி, கூட்டாளி ஒருவனிடம் கொடுத்து, மாதம் ஒன்றாகப் போடு என்று சொல்லிவிட்டு இயக்கத்துக்குப் போயிருக்கிறான். நாலாவது கடிதம் வந்தபோது அவன் செத்து இரண்டு கிழமை. எங்களுக்குத் தெரியாது. ஐந்து, ஆறு, ஏழு என்று அவன் எழுதிக்கொண்டே இருந்தான். என் அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டா.

இப்போது விளங்குகிறதா நான் ஏன் பனியைக் கேட்கிறேன் என்று?

ஊரில் திரும்பவும் சண்டை மூண்டு கிடக்கிறது. இங்கிருந்து சில பெடியள் போயிருக்கிறார்கள் என்று கோயிலிலும் கடையிலும் குசுகுசுக்கிறார்கள். நீ எங்கே இருக்கிறாய்? ஹார்ல்பியில் இருந்தால், அங்கே என்ன செய்கிறாய்? இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும். 1895 வேண்டாம்.

அம்மா


ஹார்ல்பி
10.04.2007

அம்மா,

நான் சுகம். சத்தியமாக ஹார்ல்பியில்தான் இருக்கிறேன். மாமாவைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை? வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை.

இத்தோடு உள்ளூர்ப் பத்திரிகைத் துண்டு வைத்திருக்கிறேன். திகதியைப் பாருங்கள். எங்கள் அணி வென்ற ஆட்டம். அன்றைக்கு நான் மைதானத்தில்தான் நின்றேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்ச நாள் தாருங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

துஷாந்த்


ரொம்மன், ஒஸ்லோ
22.04.2007

துஷாந்த்துக்கு,

சுகம் கேட்டு எழுதுகிற மனநிலையில் நான் இல்லை.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று ஒருவன் கேட்டால், முதியோர் இல்லத்தில் என்று ஒரு நிமிடத்தில் சொல்லுவேன். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு உனக்குக் கொஞ்ச நாள் எதற்கு?

பத்திரிகைத் துண்டை லாம்புக்குக் கீழே வைத்து, இல்லத்தில் ஒரு மூதாட்டி வாசிக்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்த்தேன். பதின்மூன்று பேரையும் எண்ணினேன். பின்னால் வாங்கில் குந்தியிருக்கிற நாலு பேரையும் எண்ணினேன். தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறவனையும் பார்த்தேன். நீ இல்லை. ஓரத்தில் பெரிய கொக்கு ஒன்று இறகுச் செட்டையை விரித்துக்கொண்டு நிற்கிறது, வேறொன்றும் இல்லை. பத்திரிகையை யாரும் வாங்கி வெட்டி உறையில் போடலாம். அதற்கு நீ அங்கே இருக்கத் தேவையில்லை.

இங்கே பக்கத்து ஊர் திராமனில் ஒரு தமிழ்க் குடும்பம். மகன் லண்டனில் படிக்கிறான் என்று நினைத்திருந்தார்கள். போன கிழமை ஆள் வன்னியில் என்று அறிந்திருக்கிறார்கள். தாய் சிறிதேவிக்குத் தூரத்துச் சொந்தம். அழவும் பயம், அழாமலிருக்கவும் ஏலாது.

கேட்கிறேன், ராசா. நீ வன்னியிலா? ஓம் என்றால் ஓம் என்று எழுது. ஏசமாட்டேன். தெரியாமலிருப்பதைத்தான் என்னால் தாங்க ஏலாது. என் அம்மா தாங்கினா, அவவுக்குத் தெரியாதபடியால். எனக்கு ஏழு கடிதத்தின் கதை தெரியும்.

அம்மா


ரொம்மன், ஒஸ்லோ
27.05.2007

துஷாந்த்துக்கு,

ஐந்து கிழமையாகக் கடிதம் இல்லை.

என் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு சிறிதேவியைக் கொண்டு உன் நோர்வே நம்பருக்கு டெலிபோன் எடுப்பித்தேன். அந்த நம்பர் பாவனையில் இல்லையாம். பிறகு கழகத்துக்கு எடுத்தாள். அந்தப் பெயரில் இங்கே ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை என்று ஒரு பெண்பிள்ளை சொல்லிவிட்டு வைத்துவிட்டது. சிறிதேவி றிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

பதினேழாம் திகதி, நோர்வேயின் தேசிய தின ஊர்வலம் பார்க்கப் போனேன். போகாமல் வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. கொடி பிடித்துக்கொண்டு போகிற ஒவ்வொரு கறுத்த தலையும் நீயாகத் தெரிந்தது.

பெரிய கடிதம் வேண்டாம். இன்றைக்கு நடந்தது ஏதாவது ஒன்று எழுது. காலமை என்ன சாப்பிட்டாய் என்று எழுதினாலும் காணும்.

அம்மா


ஹார்ல்பி
11.06.2007

அம்மா,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று நீங்கள் வந்தீர்கள். கிழக்குப் பக்கம், ஐந்தாம் வரிசை. சேலைக்கு மேலே தடித்த நீல ஜக்கெற், தலையைச் சுற்றிச் சால்வை, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி, ரி-பான் ரயிலில் இருக்கிற மாதிரியே. நான் கண்டுவிட்டேன். எங்கே இருந்து கண்டேன் என்று இப்போது சொல்ல வேண்டும். அந்த நாரை வேஷத்தின் அலகுக்குள் கறுப்பு வலை தைத்திருக்கிறது. அதற்குள்ளால் பார்த்தேன்.

பத்திரிகைப் படத்தில் நீங்கள் பார்த்த கொக்கு நான்தான், அம்மா.

வந்த ஒன்பதாம் நாள் பயிற்சியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் என் காலின் மேல் விழுந்தார்கள். முழங்காலுக்குள் இருக்கும் நார், நோர்வேயில் கொர்ஸ்பொண்ட் என்போமே, அது முழுதாக அறுந்துவிட்டது, பக்கத்து நாரும் சேர்த்து. ஒப்பரேஷன் செய்தார்கள். நடக்கலாம், இந்த ஆட்டம் இனி இல்லை என்று டொக்டர் சொன்னார். முதல் கடிதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கிடந்து எழுதியது, நீங்கள் சரியாகத்தான் பிடித்தீர்கள். சட்டை போட்ட படம் நான் இங்கே வந்த அன்று எடுத்தது, அதை நான் பிறகு ஒரு முறையும் போடவில்லை. பனி பெய்த அன்று ஊன்றுகோலோடு அறைக்குள் கிடந்தேன். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இருக்கவில்லை. கழக மனேஜர் வாசிக்கத் தந்த வரலாற்றுப் புத்தகம் கட்டிலில் கிடந்தது, அதில் இருந்ததை எழுதினேன்.

மார்ச்சில் நாரை வேஷத்துக்கு ஆள் இல்லை, செய்கிறாயா என்று கேட்டார்கள். நொண்டி நடந்தால் நாரைக்கு நல்லாய்ப் பொருந்துமாம். ஆம் என்றேன். வேறென்ன சொல்ல? படிப்பை விட்டு, உங்களைச் சத்தியம் பண்ண வைத்து, ஒன்பது நாளில் முடங்கிப்போனேன் என்று எந்த முகத்தோடு ஒஸ்லோவுக்கு வருவது? ஆட்டக்காரனின் தாய் என்று நீங்கள் கோயிலில் நாலு பேருக்குச் சொல்லியிருப்பீர்கள். கொக்கின் தாய் என்று எப்படிச் சொல்லுவீர்கள்? நோர்வே நம்பரை அப்போதுதான் நிறுத்தினேன். உங்கள் ஏப்ரல் கடிதத்துக்கு எட்டுத் தரம் பதில் எழுதிக் கிழித்தேன். நீங்கள் வன்னி என்று நினைத்துப் பயப்படுவது தெரிந்தும் எழுத வரவில்லை. அதற்கு என்னை மன்னிக்க வேண்டாம்.

அந்தப் பறவையை இங்கே பாதிப் பேருக்குப் பிடிக்காது. மேற்குப் பக்கத்தால் போனால் உருளைக்கிழங்குப் பொரியல் எறிவார்கள். "நாங்கள் சாயக்காரர், எங்களுக்குக் கொக்கு வேண்டாம்" என்பார்கள். அவர்களுடைய தகப்பன்மார், பாட்டன்மார் அந்த ஆலைகளில் கை நிறம் மாற மாற வேலை செய்தவர்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வருவதில்லை. ஆனால் வேஷத்துக்குள் இருந்துகொண்டு ஒன்றும் சொல்ல ஏலாது. கழகத்தின் சட்டம் அப்படி, நாரை கதைக்கக்கூடாது, சனத்துக்கு முன்னால் தலையைக் கழற்றக்கூடாது, சின்னப் பிள்ளைகள் அழும்.

நேற்று இடைவேளையில் உங்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்றேன். நீங்கள் கையை நீட்டி என் செட்டையைப் பிடித்தீர்கள். இரண்டு கையாலும் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். ஒரு சொல் கதைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார், அவருக்கும் தலையை மட்டும் ஆட்டினீர்கள். அதோடு எனக்கு உறுதியாகிவிட்டது. அம்மா சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டே என்னைத் தேடி வந்துவிட்டா என்று நினைத்தேன். வலைக்குள்ளால் முகம் வடிவாகத் தெரியாது, நான் அழுதுகொண்டு நின்றதால் பிறகு அதுவும் தெரியவில்லை. உங்களாலும் கதைக்க ஏலாது, என்னாலும் ஏலாது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

முடிந்ததும் உடுப்பை மாற்றிக்கொண்டு ஓடி வந்தேன், இந்தக் காலோடு. நீங்கள் இல்லை. பஸ் நிற்கிற இடம், ரயில் நிலையம் எல்லாம் தேடினேன். கோபத்திலா போனீர்கள்? என்னை அந்தக் கோலத்தில் பார்த்த வெட்கத்திலா? எழுதுங்கள்.

துஷாந்த்


ரொம்மன், ஒஸ்லோ
17.06.2007

என் ராசா,

நான் சுகம். நீ சுகமென்று இப்போதுதான் எனக்குத் தெரியும்.

அது நானில்லை.

ஜூன் பத்தாம் திகதி நான் இங்கே அறுபது பேருக்கு உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டு நின்றேன், சிறிதேவி சாட்சி. ஓம், நான்தான் வந்தேன் என்று எழுதிவிடுவோமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உனக்கு ஆறுதலாக இருக்கும். வேண்டாம். இந்தக் குடும்பத்துக்கு இதுவரை வந்த பொய்க் கடிதங்களே காணும்.

உன் கடிதத்தைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே உடைத்தேன். கொக்கு நான்தான் என்ற இடத்தில் பெரிதாகச் சிரித்துவிட்டேன், மேல்வீட்டு நோர்வேக்காரி படியில் நின்று பார்த்தாள். உயிரோடு இருக்கிறாய்! கொக்காய் இரு, கொசுவாய் இரு, எனக்கென்ன? பிறகு முழங்காலை வாசித்து அழுதேன். ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைக்கவும் ஒரு சொந்தம் இல்லாமல், அரிசி கிடைக்கிறது என்று எனக்கு எழுதிக்கொண்டு கிடந்திருக்கிறாய். அதற்குப் பிறகு சரியான கோபம் வந்தது. பெற்ற தாய் முன்னால் வந்து நிற்கிறாள் என்று நினைத்தும் தலையைக் கழற்றவில்லையா நீ? சட்டமாம்! பிள்ளைகள் அழுமாம்! அழட்டுமே, ஐந்து நிமிடம் அழுதால் என்ன குறைந்துபோகும்?

ஆனால் சமைக்கும்போதும் ரி-பானில் வரும்போதும் ஒன்றுதான் திரும்பத் திரும்ப மனதில் வருகிறது. யாரோ ஒரு பெண். அவளுக்கு இங்கிலீஷ் வராதோ என்னவோ, அதனால் பேசாமல் இருந்திருப்பாள். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்து, இது என் அம்மாதான் என்று என் பிள்ளை நம்பியிருக்கிறான். கதைக்காமல் இருக்கிறவள்தான் அம்மா என்று ஆகிவிட்டது. அப்படி உன்னை நினைக்க வைத்தது நான்தான். நீ பொய் எழுதினாய் என்று ஆறு மாதமாகப் பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். ஒரு தரம் டெலிபோனை எடுத்து, "என்னடா செய்யுது உனக்கு?" என்று கேட்டிருந்தால் நீ அந்தக் கட்டிலில் கிடந்தே அழுது சொல்லியிருப்பாய். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். பெரிய சாதனை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டேன். "கோவத்திலை அணைச்ச கற்பூரத்தைத் திருப்பிக் கொளுத்தி, பிழை பொறுக்கச் சொல்லிக் கேளுங்கோ, முருகனுக்குத் தெரியாதோ?" என்றார். கொளுத்தினேன். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் நான் கதைக்கத்தான் போகிறேன், அது வேறு விஷயம். உன் இங்கிலாந்து நம்பரை உடனே எழுதி அனுப்பு. சிறிதேவி கழகத்துக்கு எடுத்தபோது ஆட்டக்காரனைக் கேட்டிருக்கிறாள், கொக்கைக் கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை ஆறாம் திகதி மன்செஸ்டருக்கு ரிக்கெற் போட்டுவிட்டேன். கோயிலில் யாருக்கு என்ன சொல்லுவது என்று நீ யோசிக்காதே, சிறிதேவிக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அவள் சொன்னால் ஒஸ்லோ முழுக்கச் சொன்ன மாதிரித்தான். படிப்பைப் பற்றியும் காலைப் பற்றியும் நேரில் கதைப்போம். கதைப்போம் என்று எழுத எனக்கே புதினமாக இருக்கிறது.

எட்டாம் திகதி ஞாயிறு ஆட்டம் இருக்கிறதென்று உங்கள் பக்கத்தில் பார்த்தேன். ஐந்தாம் வரிசையில் இருப்பேன். அந்தப் பெண்ணும் வந்தால் எனக்குக் காட்டு, என் பிள்ளையின் கையைப் பிடித்தவள், அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வலைக்குள்ளால் முகம் தெரியாது என்று இந்த முறையும் பிழையான ஆளுக்கு முன்னால் போய் நிற்காதே. பாதிச் சனம் சாயக்காரர் என்று கத்தும், பாதிச் சனம் நாரைகள் என்று கத்தும். அந்தச் சத்தத்துக்கு மேலால் ஒருத்தி துஷாந்த், துஷாந்த் என்று தொண்டை கிழியக் கூப்பிடுவாள். அவள்தான் நான்.

அம்மா